நிறுவனர் நாளுக்கு விருந்தினரை அழைக்க: பயனுள்ள குறிப்புகள்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறையாவது போகாத சென்னைக் குடும்பம் குறைவு. அதைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால் பெயர் சொல்லக்கூடிய குடும்பமும் குறைவுதான். எட்வர்ட் பால்ஃபர், ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸில் பிறந்த ராணுவ மருத்துவர். 1851-இல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் பொறுப்பாளர் அவரே. அந்தக் கணக்கில் 2026 அதற்கு 175-ஆம் ஆண்டு. வாசகர் வட்டங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், குடியிருப்போர் சங்கங்கள் போன்ற சிறு குழுக்கள் இப்படிப்பட்ட நிறுவனர்களுக்கு விழா எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். பெரிய அலுவலகம் இல்லாமல் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து திட்டமிடும் விழாக்கள் இவை. அவற்றில் விருந்தினரை அழைக்கும் வேலைக்கு உதவும் குறிப்புகளைப் பால்ஃபரை முன்வைத்தே சொல்கிறேன். எந்த ஊர் அருங்காட்சியகத்துக்கும் இவற்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

1. கொண்டாடப்போவது பிறந்தநாளா, நினைவுநாளா, அருங்காட்சியகம் தொடங்கிய நாளா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அழைப்பின் தொனி, விளக்கு, மாலை எல்லாம் இதைப் பொறுத்தவை. பால்ஃபர் பிறந்தது 1813 செப்டம்பர் 6. லண்டனில் இறந்தது 1889 டிசம்பர் 8. டிசம்பர் தொடக்கத்தில் சென்னையில் மழையையும் புயலையும் நம்பி யாரையும் வெளியூரிலிருந்து வரவழைக்க முடியாது. ஆகவே பிறந்தநாளே வசதி.

2. நாளைக் குறித்ததும் கிழமையைப் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் திறப்பதில்லை. 2024-இல் செப்டம்பர் 6 வெள்ளிக்கிழமையில் வந்தது; மறுநாள் விநாயகர் சதுர்த்தி. அப்படி அமைந்துவிட்டால் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளுவதில் தவறே இல்லை. 2026-இல் செப்டம்பர் 6 ஞாயிறு. ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம் என்று பெரியவர்கள் தயங்குவார்கள். காட்சிக்கூடங்களையும் மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். காலை 10 மணிக்கு விருந்தினருடன் சுற்றிப் பார்த்துவிட்டு 11.30-க்குக் கூட்டத்தைத் தொடங்கினால் இரண்டு சிக்கலும் தீரும்.

3. விருந்தினரிடம் வாய் திறக்கும் முன் இடத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அருங்காட்சியக வளாகத்தில் கூட்டம் நடத்தவோ, குழுவாகப் போய்ப் படம் எடுக்கவோ நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். விருந்தினர் சம்மதித்த பிறகு “இடம் கிடைக்கவில்லை, தேதியை மாற்றுகிறோம்” என்று சொன்னால் அடுத்த அழைப்பை அவர் நம்ப மாட்டார்.

4. யாரை அழைப்பது என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் அவசரப்படுகின்றன. பதவி பெரியது, பெயர் தெரிந்தது, கூட்டம் வரும் என்று ஒருவரைப் பிடித்துவிட்டு, பிறகு அவரை நிறுவனரோடு இணைக்கப் பாடுபடுகிறோம். நிறுவனரிடமிருந்து தொடங்கினால் பொருத்தமான விருந்தினர் தானாகக் கண்ணில் படுவார். பால்ஃபரின் வாழ்க்கையில் எத்தனை வாசல்கள் என்று பாருங்கள். காடுகளுக்கும் மழைக்கும் உள்ள உறவைப் பற்றி 1840-களிலேயே எழுதியவர். அந்தப் பக்கம் போனால் ஓய்வுபெற்ற வனத்துறை அலுவலரையோ, பள்ளித் தோட்டம் வளர்க்கும் ஆசிரியரையோ அழைக்கலாம். பாரசீகமும் இந்துஸ்தானியும் அறிந்தவர். சென்னையில் முகமதியர் பொது நூலகம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். அதற்கு ஓர் உருது அறிஞர் பொருத்தம். இந்தியாவைப் பற்றிய பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்து 1857-இல் வெளியிட்டவர் என்பதால் நூலகர் யாரையும் அழைக்கலாம். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தபோது பெண்கள் மருத்துவம் படிக்கத் துணைநின்றார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். பின்னாளில் லண்டனில் புகழ்பெற்ற மேரி ஷார்லீப் அவர்களில் ஒருவர். என்னைக் கேட்டால் பால்ஃபர் விழாவுக்கு முதல் நாற்காலி ஒரு பெண் மருத்துவருக்கு. உங்கள் தெருவில் நாற்பது வருடமாகப் பிரசவம் பார்த்த மருத்துவர் அம்மா இருந்தால், அமைச்சரைத் தேடி அலைய வேண்டாம்.

5. முதலில் தொலைபேசியில் பேசுங்கள். யார் பேசுகிறீர்கள், எந்தக் குழு, எந்த நாள், எத்தனை மணி நேரம் ஆகும் என்ற நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். “அம்மா, உடனே பதில் வேண்டாம். நாட்குறிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள், நான் வியாழக்கிழமை கூப்பிடுகிறேன்” என்று மறுப்பதற்கும் இடம் விட்டுப் பேசுவது மரியாதை. வீட்டில் இருக்கும் மற்றவர்களைப் பிடித்து “நீங்கள் சொன்னால் ஐயா கேட்பார்” என்று நெருக்குவது கூடாது.

6. பேசிய இரண்டு மூன்று நாளில் கடிதம் போய்ச் சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் கடிதமாகவே எழுதி அனுப்புங்கள். “தங்கள் வருகையால் விழா பெருமை பெறும்” என்பது போன்ற வரிகளை எடுத்துவிட்டு, அவரை ஏன் அழைக்கிறோம் என்பதை எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

“மதிப்பிற்குரிய மருத்துவர் அம்மா அவர்களுக்கு, வணக்கம். எங்கள் தெரு வாசகர் வட்டத்தின் சார்பில் வரும் செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை எட்வர்ட் பால்ஃபரின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறோம். எழும்பூர் அருங்காட்சியகத்தைத் தொடங்கிய அவர், சென்னையில் பெண்கள் மருத்துவம் படிக்கத் துணைநின்றவரும்கூட. இந்தப் பகுதிப் பெண்களுக்கு இத்தனை ஆண்டுகள் மருத்துவம் பார்த்த தாங்கள் அன்று எங்களோடு இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். காலை 10 மணிக்குக் காட்சிக்கூடங்களைப் பார்க்கிறோம். 11.30-க்குக் கூட்டம். தாங்கள் 15 நிமிடம் பேசினால் போதும். 12.45-க்கு மதிய உணவு. வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிடும் பொறுப்பு எங்களுடையது. வருவது சுமார் 40 பேர். அதில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள்.”

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும். எத்தனை பேர் வருவார்கள், யார் வருவார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஐந்நூறு பேர் வருவார்கள் என்று நினைத்து வருபவர் நாற்பது பேரைக் கண்டால் முகம் வாடும். நாற்பது பேர் என்று தெரிந்தே வருபவர் அந்த நாற்பது பேருக்காகத் தயாராகி வருவார்.

7. கடிதத்தோடு நிறுவனரைப் பற்றி ஒரே ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள். ஆண்டுகளைச் சரிபார்த்து எழுதுங்கள். மேடையில் விருந்தினர் தவறான ஆண்டைச் சொல்லிவிட்டால் அந்தப் பழி அவரை அழைத்தவர்களுக்குத்தான்.

8. இந்தக் குறிப்பை மட்டுமாவது கடைப்பிடியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்: விருந்தினருக்குத் தலைப்புக்குப் பதிலாக ஒரு பொருளைக் கொடுங்கள். “அருங்காட்சியகங்களின் முக்கியத்துவம்” என்று தலைப்பு கொடுத்தால் எங்கும் பேசக்கூடிய பேச்சுதான் கிடைக்கும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அவரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், எந்தப் பொருளின் முன்னால் அதிக நேரம் நிற்கிறார் என்று கவனியுங்கள். அதைப் பற்றியே பேசச் சொல்லுங்கள். திருவாலங்காட்டு நடராசராக இருக்கலாம். அமராவதிச் சிற்பங்களாக இருக்கலாம். ரவிவர்மாவின் ஓவியமாக இருக்கலாம். தொல்லியல் தெரியாத விருந்தினர்கூட ஆதிச்சநல்லூர்ப் பொருட்களின் முன்னால் நின்றால் பேச நிறைய கிடைக்கும். அவை அலெக்சாண்டர் ரே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமிரபரணிக் கரையில் அகழ்ந்தெடுத்தவை. அவற்றில் வெண்கலக் கிண்ணங்களும் மூடிகளும் உண்டு. பாத்திரம் புழங்கிய எந்தக் கைக்கும் அவை அந்நியமில்லை.

நிறுவனரின் பெருமை இங்கேதான் துலங்கும். பால்ஃபர் தொடங்கியபோது அருங்காட்சியகத்திடம் இருந்தது சென்னை இலக்கியக் கழகம் கொடுத்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகள், அதாவது கற்களும் கனிமங்களும். இடம் கல்லூரிச் சாலையில் இருந்த ஒரு கட்டடத்தின் பகுதி. எழும்பூருக்கு வந்தது 1854-இல். பொருட்கள் சேரச் சேர அங்கே இடம் பெருகியது. பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் தொகுப்பு 1904-இல் இங்கே வந்தது. யாரோ ஒருவர் கதவைத் திறந்து வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களுக்குக் கொண்டுவந்து வைக்க ஓர் இடம் இருந்தது. விருந்தினர் ஒரு பொருளைப் பற்றிப் பேசும்போது இது கேட்பவருக்குத் தானே புரியும்.

9. அழைப்பிதழ் அச்சடிப்பதாக இருந்தால் விருந்தினரின் தலைப்பெழுத்து, பட்டம், பெயரின் எழுத்துக்கூட்டல் மூன்றையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள். முன்னிலை, தலைமை, வாழ்த்துரை, சிறப்புரை என்று பதினைந்து பெயர்களை அடுக்காதீர்கள். நாள், கிழமை, நேரம், எந்த வாசல் வழியாக வர வேண்டும், வண்டி எங்கே நிறுத்தலாம் என்பவை கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவு எழுத்தில் இருக்கட்டும்.

10. பிறந்தநாள், நிறுவிய நாள் அழைப்பிதழ்களின் ஓரத்தில் வழக்கப்படி மஞ்சள் தடவலாம். நினைவுநாள் அழைப்பிதழில் வேண்டாம். பெரியவர்களை நேரில் அழைக்கப் போகும்போது தட்டில் பழம், வெற்றிலை பாக்கோடு கொடுப்பதற்கும் இதே கணக்குத்தான். நினைவுநாளுக்குப் பழம் மட்டும் கொண்டுபோய் அழைப்பிதழைக் கையில் கொடுத்தால் போதும். வேற்று மதத்தவர், இதில் பழக்கமில்லாதவர் என்றால் எதையும் வற்புறுத்தாதீர்கள்.

11. எண்பதைத் தொட்ட இரண்டு மூன்று பேரைத் தனியாகத் தேடி அழையுங்கள். அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்லி வளர்ந்த தலைமுறை அது. இரண்டுக்கும் மூலம் பால்ஃபர்தான். அருங்காட்சியக வளாகத்தில் உயிருள்ள விலங்குகளை வைத்தால் மக்கள் திரண்டு வருவதைக் கண்டு, 1855 வாக்கில் அவர் அங்கே தொடங்கியதே பின்பு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூரில் நிலைகொண்டது. அந்தத் தாத்தா பாட்டிகளுக்கு மேடை வேண்டாம். முன்வரிசையில் உட்காரவைத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பேச்சு தானே நடக்கும்.

12. வயதான விருந்தினர் வருகிறார் என்றால் ஒருநாள் முன்பே போய் அவருடைய கால்களால் நடந்து பாருங்கள். எத்தனை படி, எங்கே கைப்பிடி இல்லை, கழிப்பறை எவ்வளவு தூரம், உட்கார இடம் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். எழும்பூர் வளாகம் பெரியது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட ஆசைப்படாமல் இரண்டு கூடங்களோடு நிறுத்துங்கள். சக்கர நாற்காலி தேவையா என்று கூட்டத்தின் நடுவே கேட்காமல், முன்னதாகத் தொலைபேசியில் கேளுங்கள். வெளியூர்க்காரர் என்றால் எழும்பூர் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருப்பது வசதி. ஆனாலும் நடைமேடைக்கே ஒருவர் போய் அழைத்து வர வேண்டும்.

13. வரவேற்பு மேசை காட்சிக்கூடத்துக்கு வெளியே, கூடியவரை தள்ளி இருக்கட்டும். சந்தனக் கிண்ணம், குங்குமம், பன்னீர்ச் செம்பு எல்லாம் நம் வழக்கம், விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் சந்தனம் பட்ட விரல் சிலையைத் தொட்டால் கல்லின் நுண்துளைக்குள் கறை இறங்கிவிடும். வியர்வையின் உப்பே வெண்கலத்தை அரிக்கும். உள்ளே போகும் முன் கை துடைக்க ஈரத்துணியும் உலர்ந்த துணியும் வையுங்கள். பூவோடு சிறு பூச்சிகளும் வரும். கம்பளி, பட்டு, இறகு, தோல் எல்லாம் பூச்சிகளுக்கு உணவு. அதனால் பூங்கொத்தும் மாலையும் கூட்டம் நடக்கும் இடத்தோடு நிற்கட்டும். நிறுவனரின் படத்துக்குப் பூ வைப்பதும் அங்கேதான்.

14. குத்துவிளக்கையும் திறந்தவெளியிலோ கூட்ட அரங்கிலோ நிர்வாகத்தின் சம்மதத்தோடு மட்டும் ஏற்றுங்கள். விளக்கைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது வாடகைக்கு எடுக்கும் மைக் செட், சீரியல் லைட், நீட்டிப்பு வயர்கள். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 1818-இல் அரசர் ஆறாம் ஜோவா நிறுவிய தேசிய அருங்காட்சியகம், தன் 200-ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிய அதே 2018-இல், செப்டம்பர் 2 இரவு தீப்பிடித்தது. சுமார் 2 கோடிப் பொருட்களில் பெரும்பகுதி அழிந்தது. குளிர்சாதனக் கருவியின் மின்கோளாறே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. நிறுவனரின் உழைப்பு முழுவதும் ஒரே இரவில் போய்விடக்கூடியது. ஆகவே வயர் போடுபவரிடம் “ஒட்டு வயர் வேண்டாம், ஒரே பிளக்கில் எல்லாவற்றையும் மாட்ட வேண்டாம்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் எல்லா இணைப்பும் கழற்றப்பட்டதா என்று பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

15. பொன்னாடைக்குச் செலவாகும் பணத்துக்கு அருங்காட்சியக வெளியீடாக ஒரு புத்தகம் வாங்கலாம். துண்டோ சால்வையோதான் என்றால் பருத்தியாக, தினமும் உடுத்தக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். போக்குவரத்துக்கும் பேச்சுக்கும் தரும் தொகையை உறையிலிட்டு, மேடையில் அல்லாமல் வண்டி ஏறும் முன் கொடுங்கள்.

16. சாப்பாட்டைக் காட்சிக்கூடத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு சுண்டல் மணி கீழே விழுந்தாலும் கரப்பானும் எலியும் தேடி வரும். தண்ணீர்ப் பாட்டில்கூடப் பையில் இருக்கட்டும். விருந்தினருக்குச் சர்க்கரையா, ரத்த அழுத்தமா, காபி ஆகுமா என்று வீட்டாரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, அவருக்கான உணவை நேரத்துக்குக் கொடுங்கள். மாத்திரை போட வேண்டியவர் பசியோடு நன்றியுரை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

17. காட்சிக்கூடக் காவலர்களையும், பொருட்களைத் துடைத்துப் பாதுகாக்கும் வேதியியல் பிரிவினரையும், துப்புரவுப் பணியாளர்களையும் அழைப்பிதழ் கொடுத்து அழையுங்கள். பால்ஃபர் 1859 வரைதான் பொறுப்பில் இருந்தார். அதற்குப் பிறகு இத்தனை காலம் அந்தப் பொருட்களைக் காத்தவர்கள் இவர்களும் இவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும்தான். பணிநேரம் என்பதால் எல்லோரும் வர முடியாமல் போகலாம். அழைப்பிதழும் இனிப்பும் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போகட்டும். விருந்தினர் ஒரு கூடத்துக்குள் நுழையும்போது அங்கே இருக்கும் காவலரின் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துங்கள்.

18. நிறுவனரின் குடும்பத்தார் நம்மிடையே இருந்தால் முதல் அழைப்பு அவர்களுக்கு. எதைப் பேசலாம், எதைப் பேச வேண்டாம் என்றும் அவர்களிடமே கேளுங்கள். புனேயில் இருக்கும் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தை நினைத்துப் பாருங்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த தினகர் கேல்கர், மனைவியோடு சேர்ந்து ஊர் ஊராகத் தேடி விளக்குகளையும் பாக்குவெட்டிகளையும் பூட்டுகளையும் பாத்திரங்களையும் இசைக்கருவிகளையும் சேர்த்தார். 20,000-க்கு மேற்பட்ட பொருட்கள். ஏழு வயதில் இறந்துபோன மகன் ராஜாவின் பெயரை அதற்கு வைத்து, 1962-இல் தொகுப்பையே மகாராஷ்டிர அரசுக்குக் கொடுத்துவிட்டார். இப்படிப்பட்ட இடத்தின் விழாவில் பேச வருபவர் அந்தப் பிள்ளையின் இழப்பை மேடையில் உருக்கமாக நீட்டிச் சொல்லக்கூடும். வீட்டார் எதிரில் அமர்ந்திருப்பார்கள் என்பதை விருந்தினரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

19. விருந்தினர் நிறுவனரைப் புகழ மட்டுமே வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கம்பெனி ஆட்சிக் காலத்தில் உருவான சேகரிப்பு இது. அமராவதிச் சிற்பங்களில் ஒரு பகுதி எழும்பூரிலும் ஒரு பகுதி லண்டனிலும் இருக்க, அவை இருந்த ஸ்தூபியின் ஊரான அமராவதியில் எஞ்சியது கொஞ்சம். இதைப் பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும். பால்ஃபர் மேல் உள்ள மதிப்பு இதனால் குறையாது. “கேள்வி நேரம் உண்டு, கடினமான கேள்வியும் வரலாம்” என்று அழைக்கும்போதே சொல்லிவிட்டால் விருந்தினர் தயாராக வருவார்.

20. அறிமுக உரை மூன்று நிமிடம். பேசுபவர் அதை எழுதி வைத்துப் படித்தால் நல்லது. நாற்பது பேர் கூட்டத்துக்கு ஐந்து வாழ்த்துரை தேவையில்லை.

21. விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம் போகட்டும். பிள்ளைகளில் இரண்டு பேரை அவர்கள் கைப்பட எழுதச் சொல்லி அதோடு சேர்த்து அனுப்புங்கள். பேச்சைப் பதிவு செய்திருந்தால் தட்டச்சு செய்து, விருந்தினரிடம் காட்டித் திருத்தம் வாங்கி, ஒரு படியை அருங்காட்சியக அலுவலகத்துக்குக் கொடுங்கள். அடுத்த விழாவை எடுக்கப்போகும் குழுவுக்கு அது உதவும். அச்சுப் போட்ட புகைப்படங்களின் பின்புறம் நாள், இடம், நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும். மையும் நாளடைவில் ஊறும்.